கோத்தகிரித் தேயிலையும் புரோட்டான் கற்றையும்

கேள்வி இது: "கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. நான் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் தோட்டத்து இலையிலும் மண்ணிலும் இருக்கும் நுண் தனிமங்களைப் 'பிக்சி' முறையில் அளந்து புராஜெக்ட் செய்யலாம் என்று வழிகாட்டி சொல்கிறார். புரோட்டானால் அடித்தால் எந்தத் தனிமம் என்று எப்படித் தெரிகிறது? பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை எப்படி எண்ண முடிகிறது? இலையை எப்படி எடுத்துப் போக வேண்டும்? கொடைக்கானலில் இருக்கும் என் தோழி, இதே முறையில் பாசியில் பாதரசம் பார்க்கலாமா என்றும் கேட்கிறாள்."

நானும் குன்னூர்ப் பக்கம் வளர்ந்தவன். பல வருடம் துகள் முடுக்கிக் கூடத்தில் இலை, மண், வடிதாளில் படிந்த தூசி என்று இந்த முறையில் அளந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில். உங்கள் இலைக்குப் பிக்சி (PIXE), அதாவது புரோட்டான் கற்றையால் அடித்து வெளிவரும் எக்ஸ்-கதிரை அளக்கும் முறை, நன்றாகப் பொருந்தும். பொட்டாசியம், கால்சியம், மாங்கனீசு, இரும்பு, செம்பு, துத்தநாகம், ருபீடியம், ஸ்ட்ரான்சியம் எல்லாம் ஒரே அளவீட்டில், கால் மணி நேரத்தில் கிடைத்துவிடும். நிக்கலும் கிடைக்கும், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. காட்மியமும் பாதரசமும் இந்த வழியில் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியில் நீங்கள் எழுதப்போகும் எண் முடுக்கியில் தீர்மானமாவதில்லை. கொழுந்து கிள்ளும் கையிலும், அதைப் பொடி செய்யும் பாத்திரத்திலும்தான் பெரும்பகுதி தீர்மானமாகிறது. புரோட்டானுக்கு இலையிலிருந்த செம்பும் விரலிலிருந்த செம்பும் ஒன்றுதான்.

இனி அடிப்படை. அணுக்கருவுக்கு மிக அருகில் இருக்கும் எலக்ட்ரான் கூட்டைக் கே-கூடு என்கிறோம். அடுத்தது எல், அப்புறம் எம். வேகமாக வரும் ஒரு புரோட்டான் அணுவை ஊடுருவிப் போகும்போது, கே-கூட்டில் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்றைத் தட்டிவிட்டுப் போகலாம். அந்தக் காலியிடம் நிலைக்காது. மேல் கூட்டிலிருந்து ஒரு எலக்ட்ரான் இறங்கி அதை நிரப்பும். அப்போது மிஞ்சும் ஆற்றல் எக்ஸ்-கதிராக வெளியே வரும். எல்-கூட்டிலிருந்து இறங்கினால் அது கே-ஆல்பா, எம்-கூட்டிலிருந்து இறங்கினால் கே-பீட்டா.

இந்த ஆற்றல் அணுக்கருவில் எத்தனை புரோட்டான் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெளியே அந்த அணு எதனோடு சேர்ந்திருக்கிறது என்பது இதைப் பெரிதாகப் பாதிக்காது. இலைக்குள் இருக்கும் இரும்பு, மண்வெட்டியின் இரும்பு, ரத்தத்தின் இரும்பு எல்லாமே 6.40 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில்தான் பேசும். 1913-இல் ஹென்றி மோஸ்லி இதை ஒரு எளிய விதியாகப் பிடித்தார். அணு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, வர்க்கம் எடுத்து, 10.2-ஆல் பெருக்கினால் கே-ஆல்பாவின் ஆற்றல் ஏறக்குறைய எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும். நீங்களே போட்டுப் பாருங்கள். இரும்புக்கு அணு எண் 26, ஒன்று போனால் 25, வர்க்கம் 625, பெருக்கினால் 6,375. உண்மையான அளவு சுமார் 6,400. செம்புக்கு 28-இன் வர்க்கம் 784, பெருக்கினால் ஏறக்குறைய 8,000. உண்மையில் 8,050. ஒரு காகிதத்துண்டில் செய்யும் இந்தக் கணக்கு ஸ்பெக்ட்ரத்தின் (எந்த ஆற்றலில் எத்தனை எக்ஸ்-கதிர் வந்தது என்ற வரைபடத்தின்) முன்னால் உட்காரும்போது இன்றைக்கும் எனக்கு உதவுகிறது.

அடித்தால் எக்ஸ்-கதிர் வரும் என்பது புதிய செய்தி அல்ல. ஆல்பா துகள் பட்டால் எக்ஸ்-கதிர் வருவதைச் சாட்விக் 1912 வாக்கிலேயே பார்த்தார். ஆனால் அதை அளவிடும் கருவியாக மாற்றியது 1970-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்வென் யோஹான்சன், ரோலண்ட் அக்செல்சன், தாமஸ் யோஹான்சன் மூவரும். புரோட்டான் முடுக்கியையும் லித்தியம் ஊட்டிய சிலிக்கான் டிடெக்டரையும் ஒன்று சேர்த்தார்கள். டிடெக்டர் ஒவ்வொரு எக்ஸ்-கதிரின் ஆற்றலையும் தனித்தனியே சொல்லிவிடுவதால், எல்லாத் தனிமமும் ஒரே நேரத்தில் ஒரே படத்தில் விழுந்தன.

எலக்ட்ரானால் அடித்தாலும் இதே எக்ஸ்-கதிர் வருமே, எலக்ட்ரான் நுண்ணோக்கி பக்கத்துக் கல்லூரியிலேயே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எலக்ட்ரான் மிக லேசானது. பொருளுக்குள் நுழைந்ததும் அங்கங்கே வளைந்து, வேகம் குறைந்து, குறைகிற ஆற்றலை எல்லாம் தொடர் எக்ஸ்-கதிராகக் கொட்டும். ஸ்பெக்ட்ரத்தின் அடியில் அது ஒரு பெரிய மேடாக எழும்பி நிற்கும். சின்ன பீக் (ஒரு தனிமம் தன் ஆற்றலில் எழுப்பும் முகடு) எல்லாம் அதில் மூழ்கிப்போகும். புரோட்டான் எலக்ட்ரானைப் போல 1,836 மடங்கு எடை. அது வளையாமல் நேராகப் போகும், தானாகக் கொட்டும் எக்ஸ்-கதிர் மிகக் குறைவு. அதனால் எலக்ட்ரான் கற்றையில் பத்து லட்சத்தில் நூறு பங்கு இருந்தால்தான் தெரிகிற தனிமம், புரோட்டான் கற்றையில் ஒன்றிரண்டு பங்கிலேயே தெரிகிறது.

புரோட்டான் கற்றையிலும் மேடு சுத்தமாக இல்லாமல் போவதில்லை. புரோட்டான் தட்டிவிட்ட எலக்ட்ரான்கள் இலைக்குள் ஓடி நிற்கும்போது அவையும் கொஞ்சம் கொட்டும். 3 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் ஒரு எலக்ட்ரானுக்கு அதிகபட்சம் கொடுக்கக்கூடியது சுமார் 6.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதனால் இந்த மேடு இடது பக்கம் உயரமாக இருந்து, அந்த எல்லையைத் தாண்டியதும் சரிவாக இறங்கிவிடும். இரும்பைத் தாண்டி செம்பு, துத்தநாகம், ஆர்சனிக், செலினியம் எல்லாம் அந்தச் சரிவுக்கு அப்பால் சமவெளியில் நிற்கின்றன. பிக்சி இந்த இடத்தில்தான் பலமானது.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது எப்படி வருகிறது என்றால், எண்ணிக்கைதான். ஒரு பீக்கின் அடியில் மேட்டிலிருந்து 400 எண்ணிக்கை இருக்கிறது என்று வையுங்கள். அதன் தற்செயல் ஏற்ற இறக்கம் 400-இன் வர்க்கமூலம், அதாவது 20. அதைப்போல மூன்று மடங்கு, அதாவது 60 எண்ணிக்கைக்கு மேல் எழும்பினால்தான் "இந்தத் தனிமம் இருக்கிறது" என்று சொல்ல நமக்கு உரிமை. இதை நினைவில் வையுங்கள். மென்பொருள் எந்தத் தனிமத்துக்கும் ஒரு எண் கொடுத்துவிடும். அந்த எண்ணை அறிக்கையில் எழுதலாமா என்பதை இந்தக் கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

கருவி பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, நேரில் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். தமிழ்நாட்டில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1.7 மெகாவோல்ட் டான்டெட்ரான் என்ற முடுக்கி இருக்கிறது. ஹைதராபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பொருள் பகுப்பாய்வு மையத்திலும், புவனேஸ்வர் இயற்பியல் நிறுவனத்திலும் 3 மெகாவோல்ட் முடுக்கிகள் இருக்கின்றன. மூன்றுமே 'டான்டம்' வகை. ஹைட்ரஜனுக்கு ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாகக் கொடுத்து எதிர்மின் அயனியாக்கி நடுவில் இருக்கும் நேர்மின் முனைக்கு இழுப்பார்கள். அங்கே இரண்டு எலக்ட்ரானையும் உரித்துவிட்டால் அது வெறும் புரோட்டான். அதே முனை இப்போது அதைத் தள்ளிவிடும். ஒரே மின்னழுத்தம் இரண்டு முறை வேலை செய்வதால் 1.7 மெகாவோல்ட்டில் 3.4 மெகா எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது. மூன்று மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் ஒளியின் வேகத்தில் சுமார் எட்டு சதவீதத்தில் வருகிறது. அத்தனை வேகத்தில் வந்தும், இலைப்பொடியை அழுத்திச் செய்த வில்லைக்குள் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர்தான் போகும். நீங்கள் அளப்பது அந்த மேல் தோலை மட்டும்தான், இதுவும் பின்னால் வரும் விஷயங்களுக்கு முக்கியம்.

முதல் தடவை கற்றையை அறைக்குள் விடும்போது ஒரு குவார்ட்ஸ் துண்டை முன்னால் வைத்து இடம் பார்ப்பார்கள். இருட்டில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் நீலமாக ஒரு புள்ளி ஒளிரும். அப்புறம் உங்கள் வில்லை அந்த இடத்துக்கு வரும். அளந்து முடித்து வெளியே எடுத்தால் பச்சை வில்லையின் நடுவில் அதே அளவில் ஒரு பழுப்புத் தழும்பு இருக்கும். உங்கள் எண் முழுவதும் அந்தத் தழும்புக்குள்ளிருந்து வந்தது.

இதே இயற்பியல் நிலவிலும் வேலை செய்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. 2023 ஆகஸ்டில் இறங்கிய சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தியில் ஆல்பா துகள் எக்ஸ்-கதிர் கருவி ஒன்று இருந்தது. முடுக்கியைத் தூக்கிக்கொண்டு நிலவுக்குப் போக முடியாது, அதனால் கியூரியம்-244 என்ற கதிரியக்கப் பொருளை வைத்தார்கள். அதிலிருந்து வரும் ஆல்பா துகள் நிலவு மண்ணை அடிக்க, மண் தன் எக்ஸ்-கதிரைக் கொடுத்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.

சரி, தேயிலைக்கு வருவோம். தேயிலையை ஆப்பிள் இலை மாதிரியோ நெல் இலை மாதிரியோ நினைத்து அளந்தால் தப்பு வரும். தேயிலை அமில மண்ணில் வளர்வது, மாங்கனீசை நிறைய எடுத்துக்கொள்வது. இலையில் பத்து லட்சத்தில் பல நூறு பங்கு மாங்கனீசு சாதாரணம். இரும்பு பெரும்பாலும் அதைவிடக் குறைவு. இங்கேதான் சிக்கல். மாங்கனீசின் கே-பீட்டா 6.49 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது, இரும்பின் கே-ஆல்பா 6.40-இல். வித்தியாசம் 0.09 மட்டுமே. டிடெக்டர் பிரித்துக் காட்டக்கூடியது சுமார் 0.15. ஆக இரண்டும் ஒரே பீக்காகத்தான் தெரியும்.

ஒரு கணக்குப் போடுவோம். மாங்கனீசு 800, இரும்பு 100 என்று ஒரு இலை. மாங்கனீசின் கே-பீட்டா அதன் கே-ஆல்பாவில் ஏறக்குறைய 13 சதவீதம். 800-இல் 13 சதவீதம் 104. அதாவது இரும்பின் பீக் என்று நீங்கள் பார்க்கிற மலையில் பாதிக்கு மேல் மாங்கனீசு. கழிக்காமல் எழுதினால் இரும்பு இரண்டு மடங்காகிவிடும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவான 'குபிக்ஸ்' மாதிரி மென்பொருள் இதைத் தானாகக் கழிக்கும். ஆனால் மாங்கனீசையும் பொருத்த வேண்டிய பட்டியலில் சேர்த்தால்தான் கழிக்கும். சேர்த்திருக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அடுத்து நிக்கல். தேயிலையில் கொப்புள நோய் 1946-இல் தென்னிந்தியாவுக்கு வந்தது. அதற்குச் செம்பு ஆக்சிகுளோரைடு அடிப்பது உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் அதோடு நிக்கல் குளோரைடும் கலந்து அடித்தார்கள். அப்புறம் துத்தநாக சல்பேட் இலைவழித் தெளிப்பு. ஆக நீலகிரியில் ஒரு பழைய தோட்டத்தில் செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றையும் தேடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது, மூன்றுமே பிக்சிக்குப் பிடித்த இடத்தில் இருக்கின்றன. உங்கள் புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல கேள்வி வேண்டாம் என்றே நினைக்கிறேன். கொப்புள நோய்க்கு மருந்தடித்த வரிசை, அடிக்காத வரிசை, தோட்ட ஓரத்துச் சோலை மரத்து இலை என மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் நான் முதலில் சொன்ன பொறி இதுதான். இலையில் கால்சியமும் பொட்டாசியமும் சதவீத அளவில் இருக்கும், அவற்றின் எக்ஸ்-கதிர் டிடெக்டரில் மழையாகக் கொட்டும். இரண்டு கால்சியம் கதிர் ஒரே கணத்தில் விழுந்தால் கருவி அதை ஒன்றாகக் கூட்டிவிடும். 3.69-உம் 3.69-உம் சேர்ந்தால் 7.38. நிக்கல் 7.48-இல் இருக்கிறது. பொட்டாசியம் இரண்டு சேர்ந்தால் 6.62, அது இரும்பின் தோளில் ஏறும். இல்லாத நிக்கலைப் பார்த்துவிட்டோம் என்று நம்புவது எளிது. தீர்வு இரண்டு. கற்றையின் மின்னோட்டத்தைக் குறையுங்கள், சில நானோ ஆம்பியர் போதும், நேரம் கூடட்டும். டிடெக்டருக்கு முன்னால் மெல்லிய பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தாள் ஒன்றை வைத்தால் கால்சியம், பொட்டாசியம் கதிரில் பெரும்பகுதி அதிலேயே நின்றுவிடும், நிக்கல் கதிர் கடந்து வரும். தாளோடு ஒருமுறை, தாள் இல்லாமல் ஒருமுறை என இரண்டு முறை அளப்பது என் பழக்கம்.

ஈயமும் ஆர்சனிக்கும் இன்னொரு ஜோடி. ஆர்சனிக் கே-ஆல்பா 10.54, ஈயத்தின் எல்-ஆல்பா (எல்-கூட்டுக் காலியிடம் நிரம்பும்போது வருவது) 10.55. நாம் பயன்படுத்தும் டிடெக்டர் பிரிக்காது. ஈயத்துக்கு 12.6-இல் எல்-பீட்டா ஒன்று தனியாக இருக்கிறது. அது இல்லாமல் 10.5-இல் மட்டும் பீக் இருந்தால் ஆர்சனிக்கை யோசிக்கலாம். அது இருந்தால் முதலில் ஈயத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

எது தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேயிலையின் பெரிய விசேஷமே அலுமினியம்தான். முற்றிய இலையில் அது ஆயிரக்கணக்கான பங்கு வரை சேரும். ஆனால் அலுமினியத்தின் எக்ஸ்-கதிர் 1.49-இல், மிக மென்மையானது. வில்லையே அதை விழுங்கிவிடும். தவிர லேசான அணுக்களில் காலியிடம் நிரம்பும்போது பெரும்பாலும் எக்ஸ்-கதிருக்குப் பதில் இன்னொரு எலக்ட்ரான்தான் வெளியேறும். அதனால் அலுமினியத்துக்குப் பிக்சி தரும் எண்ணை நான் நம்புவதில்லை. ஃபுளூரின் இன்னும் லேசு, எக்ஸ்-கதிரில் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் அதே புரோட்டான் ஃபுளூரின் அணுக்கருவைக் கிளறி காமா கதிரை வெளிவிட வைக்கும். பக்கத்தில் ஒரு காமா டிடெக்டரை வைத்திருக்கிற கூடமாக இருந்தால் ஃபுளூரினும் சோடியமும் இலவசமாகக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். காட்மியத்தை விட்டுவிடுங்கள். அதன் எல்-கதிர் 3.13-இல், பொட்டாசியத்தின் 3.31-க்கு அடியில் புதைந்து கிடக்கிறது.

மண்ணை அளப்பது இலையைவிடக் கடினம். நம் மலையின் செம்மண் லேட்டரைட், இரும்பு பல சதவீதம். இரும்பின் கே-பீட்டா 7.06-இல் பெரிதாக நின்று 6.93-இல் இருக்கும் கோபால்ட்டை மறைத்துவிடும். மண்ணில் கோபால்ட் கண்டேன் என்று பிக்சியை வைத்து யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

இனி இலை எடுப்பது, இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மாங்கனீசும் கால்சியமும் வயதான இலையில் சேர்ந்துகொண்டே போகும், பொட்டாசியம் கொழுந்தில் அதிகம். ஆகவே ரெண்டு இலை ஒரு மொட்டு தனி, அதே செடியின் முற்றிய இலை தனி. இரண்டையும் கலந்தால் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது. கவ்வாத்து செய்து எத்தனை வருடம் ஆன செடி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கத்தரி போட்டு வெட்டாதீர்கள், கையால் கிள்ளுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் கழற்றுங்கள். ரப்பர் கையுறை வேண்டாம், ரப்பரில் துத்தநாக ஆக்சைடு இருக்கும். அதே காரணத்துக்காக ரப்பர் பேண்டும் வேண்டாம். புதிய பாலித்தீன் உறை போதும். மண்ணை மண்வெட்டியால் கொத்தி எடுத்தால், இரும்பு பட்ட முகத்தைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டிவிட்டு உள்ளே இருப்பதை எடுங்கள்.

கழுவுவதா வேண்டாமா? இரண்டும் செய்யுங்கள். ஒரு பாதியைக் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசுங்கள், மறு பாதியை அப்படியே விடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இலை மேல் உட்கார்ந்த மருந்தும் ரோட்டுத் தூசியும். இலைக்குள் இருப்பது எவ்வளவு, மேலே இருப்பது எவ்வளவு என்று பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை. மருந்தடித்து எத்தனை நாள், நடுவில் மழை பெய்ததா என்பதை எழுதி வைக்காவிட்டால் செம்பின் எண்ணை யாராலும் விளக்க முடியாது. நம் ஊர் மழையில் ஒரு ராத்திரியில் கணக்கே மாறிவிடும்.

உலர்த்துவது 60 டிகிரி அளவில் அடுப்பில். செய்தித்தாளில் பரப்பி வெயிலில் காய வைக்காதீர்கள். அதற்குப் பிறகு பொடி செய்வது. என் ஆரம்ப வருடத்தில் குன்னூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுபோன இருபது இலை மாதிரியிலும் குரோமியமும் நிக்கலும் எழும்பி நின்றன. தோட்டத்தில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று நானும் கூட இருந்தவர்களும் நம்பினோம். இரண்டு வாரம் கழித்துத்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இலை எதுவாக இருந்தாலும் குரோமியத்துக்கும் நிக்கலுக்கும் உள்ள விகிதம் மாறவே இல்லை, ஏறக்குறைய 18-க்கு 8. அது எவர்சில்வரின் விகிதம். காய்ந்த இலையை மிக்சியில் அரைத்திருந்தோம், பிளேடு தேய்ந்து பொடியில் கலந்திருந்தது. இருபது மாதிரியையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் மலையேறினேன். அன்றிலிருந்து அகேட் கல்வம்தான். சித்த மருந்துக்காரர்கள் போலக் கையால் அரைக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு முக்கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

அரைத்த பொடியில் கொஞ்சம் சுத்தமான கிராஃபைட் கலந்து 13 மில்லிமீட்டர் அச்சில் அழுத்தி வில்லையாக்குவார்கள். கிராஃபைட் எதற்கென்றால், இலைப்பொடி மின்சாரம் கடத்தாது. புரோட்டான் விழுந்துகொண்டே இருந்தால் மின்னூட்டம் சேர்ந்து, திடீரென்று பொறி பறந்து ஸ்பெக்ட்ரம் பாழாகும். அந்தக் கிராஃபைட்டை மட்டும் தனியாக ஒரு வில்லை செய்து அளந்து, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். எல்லோரும் தவிர்க்கிற வேலை இது, நீங்கள் தவிர்க்காதீர்கள். அதேபோல அமெரிக்கத் தர நிறுவனம் விற்கும் பீச் இலைப் பொடி போன்ற சான்று பெற்ற மாதிரி ஒன்றையும் உங்கள் கையால் வில்லையாக்கி அளக்க வேண்டும். அதன் மாங்கனீசு 98, துத்தநாகம் 17.9 என்று சான்றிதழ் சொல்கிறது. உங்களுக்கு அந்த எண்கள் வந்தால், உங்கள் தேயிலைக்கு வந்த எண்ணையும் நம்பலாம். நம் மலையிலும் விளைகிற பீச் மரத்தின் இலை உலகம் முழுக்க ஒரு அளவுகோலாகப் பயன்படுகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஃபேக்டரித் தூளை அளக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. ரோலரின் பல் தேய்ந்து விழுந்த இரும்புத் துகள் தூளில் இருக்கும். ஒரே ஒரு துகள் அந்த மூன்று மில்லிமீட்டர் தழும்புக்குள் வந்தாலும் இரும்பு எகிறிவிடும், அடுத்த வில்லையில் இருக்காது. வலுவான காந்தத்தைப் பொடியின் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மாதிரிக்கு மூன்று வில்லையாவது செய்யுங்கள். குடிப்பவர் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி என்றால் தூளை விட்டுவிட்டு டிகாக்‌ஷனை அளக்க வேண்டும். மெல்லிய படலத்தில் ஒரு சொட்டு விட்டு உலர்த்தினால் போதும். இரும்பு பெரும்பாலும் சக்கையிலேயே தங்கிவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

உங்கள் அப்பா ஒருவேளை, நம் தூளில் செம்பு சட்ட வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று சொல்லலாம். அதற்குப் பிக்சி தேவையில்லை. அமிலத்தில் கரைத்து அளக்கும் பரிசோதனைக் கூடங்கள் கோயம்புத்தூரிலேயே இருக்கின்றன, சான்றிதழும் அங்கேதான் கிடைக்கும். பிக்சியின் மதிப்பு வேறு இடத்தில். மாதிரி மிகக் கொஞ்சமாக இருக்கும்போது, கரைத்து அழிக்கக் கூடாத பொருளாக இருக்கும்போது, என்ன இருக்கிறது என்றே தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்னும்போது அது உதவும். நீலகிரியின் பழைய கல்வட்டப் புதைகுழிகளில் 1870-களில் ஆங்கிலேய அதிகாரி ப்ரீக்ஸ் எடுத்த வெண்கலக் கிண்ணங்களைப் போன்ற பொருளை யாரும் அமிலத்தில் போட மாட்டார்கள். கற்றையை ஒரு மெல்லிய சன்னல் வழியாக வெற்றிடத்திலிருந்து வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, கிண்ணத்தை முன்னால் பிடித்தே வெள்ளீயத்தையும் செம்பையும் அளக்கலாம். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்துக்கு அடியில் இதற்கென்றே ஒரு முடுக்கி ஓடுகிறது.

உங்கள் தோழியின் கேள்வி. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது, அதன் பாதரசம் பற்றிய கவலை நியாயமானது. ஹைதராபாத் மையத்தைச் சேர்ந்த வேதியியலாளர்கள் அங்கிருந்து பாசியையும் லைக்கனையும் எடுத்துப் பாதரசம் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள், அதனால் எதை எடுப்பது என்பதில் அவர் சரியான வழியில்தான் யோசிக்கிறார். கருவிதான் தப்பு. பிக்சி அறை வெற்றிடம், அதில் கற்றை வில்லையைச் சுடவைக்கும். பாதரசம் அளக்கும் முன்பே ஆவியாகிப் போய்விடும். போகாமல் மிஞ்சினாலும் பாசியில் அது பெரும்பாலும் நூறு கோடியில் இத்தனை பங்கு என்ற அளவில் இருக்கும், பிக்சியின் எல்லைக்கு மிகக் கீழே. தவிர, அதன் எல்-பீட்டா 11.82-இல், பாசியில் இயல்பாகவே இருக்கும் புரோமின் 11.92-இல். பாதரசத்துக்குக் குளிர் ஆவி அணு உறிஞ்சல் முறைதான் சரி. உலர்த்துவதையும் சூடில்லாமல் செய்யச் சொல்லுங்கள். அடுப்பில் 60 டிகிரியில் வைத்தாலே கொஞ்சம் போய்விடும்.

அவர் கொடைக்கானல்காரர் என்பதால் இன்னொன்று. அங்கே சூரிய ஆய்வகத்தில் நூறு வருடத்துக்கும் மேலாகக் கால்சியம் கே-கோட்டில் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அந்தக் கே வேறு, நம் கே வேறு. அது கால்சியம் அயனியின் வெளி எலக்ட்ரான் தரும் ஊதா ஒளி, 393 நானோமீட்டர். நம்முடையது உள் எலக்ட்ரானின் காலியிடம் தரும் எக்ஸ்-கதிர், 3.69 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரண்டு பேரும் சேர்ந்து படிக்கும்போது இந்தப் பெயர் குழப்பாமல் இருக்கட்டும்.

முடுக்கியில் நேரம் வாங்க வழிகாட்டியின் கையெழுத்தோடு விண்ணப்பம் போக வேண்டும். பல்கலைக்கழக மாணவர்களுக்கு யுஜிசி-டிஏஇ கூட்டு ஆய்வு மையம் உதவுகிறது, அதற்குக் கல்பாக்கத்தில் ஒரு கிளை இருக்கிறது. பதில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். மருந்தடிக்கும் வரிசையில் ஆறு செடி, அடிக்காத வரிசையில் ஆறு செடி தேர்ந்தெடுத்து வெள்ளைப் பருத்தி நூல் கட்டுங்கள். கம்பி கட்டாதீர்கள், அதில் துத்தநாகப் பூச்சு இருக்கும். அடுத்த தெளிப்புத் தேதியிலிருந்து ஒரு நோட்டில் மருந்தின் பெயர், அளவு, மழை மூன்றையும் எழுதத் தொடங்குங்கள். முதல் கொழுந்தை, தெளிப்பதற்கு முந்தைய நாள் காலையில் கிள்ளி வையுங்கள்.